செப்டிக் டேங்க் லாரிக்கு லைசென்ஸ் வந்த கதை



தலைப்பைப் பார்த்துவிட்டு "இவனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா" என்று நினைப்பவர்களுக்கு: கிடைத்தது, ஆனால் இதைத்தான் எழுத வேண்டும் போலிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வந்து படிக்கவும். கொஞ்சம் நீளமான கட்டுரை. நடுவில் சட்டமும் வருஷமும் நிறைய வரும். பி.காம். படிக்கிறவனிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்? :-)

முதலில் ஒரு சொந்தக் கதை.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. வீடு கட்டிய நாளிலிருந்து அதைத் திறந்ததே இல்லை, பன்னிரண்டு வருஷம். லாரி வந்தது. டிரைவர் அண்ணாச்சி ஒருவர், கூட ஒரு பையன். பையன் என்றால் என்னைவிட ஆறேழு வயது பெரியவன். குழாயை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டார்கள். மேலே இருந்த தண்ணீரெல்லாம் வந்துவிட்டது. அடியில் இருந்தது வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துச் சேறு, சிமெண்ட் மாதிரி இறுகிப்போயிருந்தது.

அப்பா சொன்னார்: "கொஞ்சம் இறங்கி வழிச்சு விட்டிரச் சொல்லுங்க அண்ணாச்சி. தனியா ஏதாவது பாத்துத் தாரேன்."

அந்தப் பையன் சட்டையைக் கழற்றி வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டு இறங்கினான். கையுறை இல்லை, முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. கால் மணி நேரம் கழித்து ஏறி வந்தான். வெளிக்குழாயில் குளித்தான். சோப்பு எடுத்துக் கொடுத்தது நான்தான். அம்மா காபி கொடுத்தார், காகிதக் கப்பில். எங்கள் வீட்டில் எல்லோரும் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில். அன்று எனக்கு இதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. 2020 ஜூலை 2. கொரோனா ஊரடங்கு. நாங்கள் பத்தாம் வகுப்பு "ஆல் பாஸ்" கோஷ்டி, வீட்டில் சும்மா கிடந்தோம். தூத்துக்குடி பக்கத்தில் கீழ செக்காரக்குடி என்ற கிராமத்தில், ஒரு வீட்டின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் போன நான்கு பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்று டிவியில் ஓடியது. எல்லோரும் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள். அப்பா டிவியை அணைத்துவிட்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பையனைத்தான் நினைத்தோம் என்பது எனக்கு நிச்சயம்.

அதிலிருந்துதான் இந்தக் கேள்வி. தலையில் கத்தரி வைப்பவருக்குக்கூடக் கடை லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க பி.பார்ம். அல்லது டி.பார்ம். படித்த ஒருவர் வேண்டும். கரண்ட் வேலைக்கு 'பி' லைசென்ஸ் வயர்மேன் வேண்டும். மூடியைத் திறந்தால் உயிர் போகக்கூடிய தொட்டிக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் வரலாமா? இதற்கு லைசென்ஸ், சான்றிதழ் எதுவும் கிடையாதா? தேடிப் பார்த்தேன். அதன் வரலாறுதான் கீழே.

தொட்டி வந்த கதை

செப்டிக் டேங்க் நம் ஊர்ச் சரக்கு இல்லை. 1860-களில் பிரான்சில் வெசூல் என்ற ஊரில் லூயி மூராஸ் என்பவர் தன் வீட்டுக்குப் பின்னால் கழிவுக்காக ஒரு மூடிய தொட்டி கட்டினார். சுமார் பத்து வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், உள்ளே மலை மாதிரி குவிந்திருக்கும் என்று நினைத்தது பெரும்பாலும் தண்ணீராக இருந்தது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் கழிவைத் தின்று கரைத்துவிட்டன. 1881-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1890-களில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் என்ற பொறியாளர் பெரிய அளவில் இதைக் கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். செப்டிக் என்றால் அழுகுதல். புண்ணுக்குப் போடுகிறோமே ஆன்டிசெப்டிக், அதற்கு நேர் எதிர்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிருமிகள் எல்லாவற்றையும் தின்றுவிடுவதில்லை. தின்ன முடியாதது அடியில் சேறாகப் படியும். ஆகவே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அந்தச் சேற்றை எடுத்தே ஆகவேண்டும். அதே அழுகலில்தான் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிட்டு, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நிமிஷம்தான் மிக ஆபத்தான நிமிஷம். ஒருவர் இறங்கி மயங்கி விழுவார். காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார். பிறகு மூன்றாமவர். செய்திகளில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் முதலில் வந்தது எடுப்புக் கக்கூஸ். தினமும் ஒரு மனிதர் வந்து கையால் அள்ளி, கூடையில் சுமந்து போக வேண்டும். தூத்துக்குடிக்கு 1866-ல் நகராட்சி வந்தது. அந்தக் காலத்து நகராட்சிகள் எல்லாவற்றிலும் துப்புரவு என்றால் இதுதான். எந்தச் சாதியினர் இந்த வேலையில் தள்ளப்பட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1957-ல் மத்திய அரசு அமைத்த மல்கானி கமிட்டி, தலையில் மலம் சுமப்பதை ஒழிக்க வழி சொன்னது. எடுப்புக் கக்கூஸ் மெல்ல மெல்லக் குறைந்து, அந்த இடத்துக்கு செப்டிக் டேங்க் வந்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடுகள் சுமார் 33 சதவீதம். செப்டிக் டேங்க் உள்ளவை சுமார் 38 சதவீதம். 2014-க்குப் பிறகு தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டப்பட்ட கழிப்பறைகள் தனி.

வீட்டுக்காரருக்கு இது பெரிய நிம்மதி. தினமும் வந்த ஆள் இனி வரவேண்டாம். ஆனால் கூட்டிக் கழித்துப் பாருங்கள். தினம் செய்த வேலை பத்து வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் வேலையாக மாறியது, அவ்வளவுதான். முன்பு அருவருப்பு மட்டும் இருந்த வேலையில் இப்போது விஷவாயுவும் சேர்ந்துகொண்டது. எங்கள் கணக்குப் பாடத்தில் இதைச் செலவைத் தள்ளிப்போடுதல் என்போம். தள்ளிப்போட்ட செலவு மறைவதில்லை, வேறு யாரோ தலையில் விடிகிறது.

சட்டம் வந்த கதை

சட்டத்தின் பார்வை எங்கே எங்கே போயிற்று என்று வரிசையாகப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது.

1993: கையால் மலம் அள்ளுபவர்களை வேலைக்கு வைப்பதையும் எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் தடை செய்யும் மத்தியச் சட்டம். சட்டத்தின் கண் கக்கூஸ் மேல்தான் இருந்தது. செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை இரண்டும் அதில் இல்லை.

2008: பாதாளச் சாக்கடைக்குள் மனிதர்களை இறக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2013: புதிய மத்தியச் சட்டம். டிசம்பர் 6 முதல் அமலுக்கு வந்தது. முதல் முறையாகச் செப்டிக் டேங்கும் சாக்கடையும் சட்டத்துக்குள் வந்தன. பாதுகாப்பு இல்லாமல் ஒருவரை இறக்கினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. கூடவே வந்த விதிகளில் 40-க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலே இருக்கிறது. தவிர்க்க முடியாமல் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் உள்ளாட்சி அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், வாயுவைப் பரிசோதிக்க வேண்டும், குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மேற்பார்வையாளர். எங்கள் வீட்டுப் பின்புறத்தை நினைத்துப் பார்த்தேன். மேற்பார்வையாளர் என்று யாராவது இருந்தார் என்றால், அது கையில் சோப்போடு நின்ற நான்தான்!

2014: இரண்டு விஷயங்கள் நடந்தன. மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. செப்டம்பரில் தமிழ்நாடு அரசு செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டுதல்களை அரசாணையாக வெளியிட்டது. தொட்டியை எப்படிக் கட்டுவது, எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பது, எந்த வண்டியில் கொண்டுபோவது, எங்கே கொட்டுவது என்று முதலிலிருந்து கடைசி வரை பேசியது அது. இந்தியா முழுமைக்குமான தேசியக் கொள்கை 2017-ல்தான் வந்தது. அந்த வகையில் நாம் மூன்று வருஷம் முந்தி. அதே 2017-ல் மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி பேரூராட்சியில், செப்டிக் டேங்க் கழிவை மட்டும் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுதான் முதல்.

2022: தமிழ்நாடு சட்டமன்றம் நகர உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. இனி உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இல்லாமல் செப்டிக் டேங்க் கழிவை எடுக்கவோ ஏற்றிச் செல்லவோ கூடாது. 2023 தொடக்கத்திலிருந்து அமல். உரிமம் இரண்டு வருஷத்துக்கு, கட்டணம் 2,000 ரூபாய். கண்ட இடத்தில் கொட்டினால் முதல் முறை 25,000, இரண்டாம் முறை 50,000 ரூபாய் அபராதம். அதற்கும் அடங்காவிட்டால் வண்டி பறிமுதல். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும்.

2023: அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சத்துக்குக் குறையாமல்.

வரிசையைப் பாருங்கள். முதலில் கக்கூஸ், பிறகு தொட்டி, பிறகு செத்தவர், பிறகு லாரி. உயிரோடு வேலை செய்கிற ஆள் எங்கே?

"இவன் என்ன வண்டியா?"

இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு லாரி மறுபடி வந்தது. இந்த முறை தொட்டி நிரம்பிய பிறகு இல்லை, நானே நச்சரித்து முன்கூட்டியே வரவழைத்தேன். டிரைவர் வேறு ஆள். கட்டுரைக்கு மேட்டர் கிடைக்குமே என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, லைசென்ஸ் இருக்கா?"

"என்ன தம்பி, ஆர்.டி.ஓ. மாதிரி கேக்க? எல்லாம் இருக்கு. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், எஃப்.சி., இந்தா இது கழிவு எடுக்கதுக்கு லைசென்ஸ்." பிளாஸ்டிக் உறையில் எல்லாம் பத்திரமாக இருந்தது. நேர்மையான மனிதர்.

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த பையனைக் காட்டி, "இவருக்கு?" என்றேன்.

அண்ணாச்சி சிரித்தார். "இவனுக்கு எதுக்கு? இவன் என்ன வண்டியா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பையனும் சிரித்தான். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது.

இந்த இடத்தில் எங்கள் பாடத்திலிருந்து ஒரு சின்ன விளக்கம். உரிமம் வேறு, சான்றிதழ் வேறு. 'இந்தத் தொழிலை நீ செய்யலாம்' என்று அரசு தரும் அனுமதி உரிமம். 'இந்த வேலை இந்த ஆளுக்குத் தெரியும்' என்று பயிற்சியும் தேர்வும் வைத்துத் தருவது சான்றிதழ். லாரிக்கு டிரைவிங் தெரியாது, டிரைவருக்குத்தான் தெரியும். அதனால்தான் ஆர்.சி. புக் வண்டி பெயரிலும் டிரைவிங் லைசென்ஸ் ஆள் பெயரிலும் இருக்கின்றன. செப்டிக் டேங்க் வேலையில் முதல் பாதி வந்துவிட்டது. வழிகாட்டுதல்கள் பயிற்சி பற்றியும் பாதுகாப்புக் கருவி பற்றியும் சொல்லத்தான் சொல்கின்றன. ஆனால் அன்று எங்கள் வாசலில் குழாயைப் பிடித்து நின்றவர் கையில் அவர் பெயர் போட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

2023-ல் மத்திய அரசு தொடங்கிய 'நமஸ்தே' திட்டம் இந்தப் பாதியைத் தொடுகிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்து, பாதுகாப்புக் கருவிகள், பயிற்சி, மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுப்பது அதன் நோக்கம். நல்ல விஷயம். தமிழ்நாட்டுக்கு இது மிகவும் தேவை. ஏனென்றால் 1993-லிருந்து நடந்த சாவுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதில்களில், பதிவான எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 200-க்கும் மேல். எதெதிலோ முதலிடம் என்று பெருமைப்படுகிறோம். இதையும் தெரிந்துகொள்வோம்.

வெளியூர் உதாரணம் ஒன்று

அமெரிக்கா, ஐரோப்பா என்று போகாமல் நமக்குப் பழக்கமான மலேசியாவைப் பார்ப்போம். அங்கேயும் உள்ளாட்சிகள்தான் ஆளுக்கொரு விதமாகக் கழிவைக் கவனித்து வந்தன. 1993-ல் கழிவுநீர்ச் சேவைக்குத் தனிச் சட்டம் போட்டு, மத்திய அரசு பொறுப்பை எடுத்துக்கொண்டது. மறு வருஷம் இன்டா வாட்டர் என்ற நிறுவனத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. தொட்டி நிரம்பி வீட்டுக்காரர் கூப்பிடும் வரை காத்திராமல், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை லாரி தானே வரும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2006-ல் தண்ணீர்ச் சேவைத் தொழில் சட்டம் வந்து, தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையத்தின் கீழ் இந்தத் தொழில் கொண்டுவரப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்தது 'தானே வரும் லாரி'. எங்கள் வீட்டில் அந்தப் பையன் இறங்க நேர்ந்ததற்குக் காரணம் லைசென்ஸ் இல்லாதது மட்டும் இல்லை. பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போட்டதால் சேறு இறுகியதுதான் முதல் காரணம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுத்திருந்தால் குழாயே உறிஞ்சியிருக்கும். குற்றவாளி யார் என்று கேட்டால் முதலில் எங்கள் வீட்டைத்தான் கைகாட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்கு இது ஏன் முக்கியம்

திருச்செந்தூர் 2021 வரை பேரூராட்சி, அதன் பிறகு நகராட்சி. ஆனால் கூட்டம் மாநகராட்சிக்கு உரியது. கந்த சஷ்டி, வைகாசி விசாகம் என்றால் லட்சக்கணக்கில் ஜனம். 2025 ஜூலை 7 குடமுழுக்கைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அத்தனை பேரும் லாட்ஜிலும் மண்டபத்திலும் தங்கிக் குளித்துப் போய்விட்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் விட்டுச்செல்வது எங்கள் மண்ணில்தான் இருக்கும்.

அந்த மண் என்ன மண்? கடற்கரை மணல், கொஞ்சம் உள்ளே போனால் தேரிச் செம்மணல். இரண்டும் தண்ணீரைச் சல்லடை மாதிரி உள்ளே விடும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவது அதிசயம் என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். மழைத்தண்ணீர் மணல் வழியாக இறங்கிக் கடல்நீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும் என்பது கடலோரத்து நிலத்தடி நீரின் இயல்பு. மழையை உள்ளே விடும் மணல், ராத்திரியில் லாரி கொட்டிவிட்டுப் போவதையும் அதே மாதிரிதான் உள்ளே விடும். ஜி.பி.எஸ்., 25,000 ரூபாய் அபராதம் எல்லாம் யாரையோ தொந்தரவு செய்வதற்காக இல்லை. நாம் குடிக்கிற தண்ணீருக்காக.

கயிறு பிடித்த மச்சான்

கடைசியாக ஒரு பழைய கதை. எங்கள் கடற்கரையின் பெருமை முத்துக்குளிப்பு. சென்னை மாகாண அரசு முத்துக்குளிப்பைத் தானே நடத்தியது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு வரிசை. முத்துச் சிப்பிப் படுகையை அதிகாரிகள் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள். எந்த நாள் தொடங்குவது, எத்தனை படகு என்று அரசு முடிவு செய்யும். கரைக்கு வந்ததும் சிப்பிகளை எண்ணுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு.

ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்துக்கு, மூச்சை அடக்கி ஒருவர் இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் ஒரு நொடி தாமதிக்காமல் இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மச்சானாக இருப்பார் என்று இங்கே சொல்வார்கள். கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவர் கூடப்பிறந்தவள் அல்லவா? அந்த உறவுதான் உத்தரவாதம்.

முத்துக் குளித்தவர்கள் சொகுசாக வாழ்ந்தார்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் சுரண்டப்பட்டார்கள், மூச்சு முட்டியும் செத்தார்கள். ஆனால் இறங்குகிறவருக்கு மேலே ஒரு ஆள் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கீழே முத்து இருந்ததால் அரசும் ஒவ்வொரு படகையும் கணக்கில் வைத்தது.

எங்கள் வீட்டுத் தொட்டியில் இறங்கியவரும் மூச்சை அடக்கித்தான் இறங்கினார். அங்கே முத்து இல்லை. அதனால் அரசு எண்ணவில்லை. அவருக்கு நாங்கள் உறவும் இல்லை. அதனால் கயிறும் இல்லை.

உறவுக்காரர் கயிறு பிடிக்காத இடத்தில் அந்தக் கயிற்றைச் சட்டம்தான் பிடிக்க வேண்டும். லைசென்ஸ், சான்றிதழ், பதிவேடு, காப்பீடு எல்லாம் அந்தக் கயிறுதான் என்பது என் கருத்து. வெறும் காகிதம் என்று நாம் அலுத்துக்கொள்வது, இறங்குகிறவருக்கு மேலே யார் பொறுப்பு என்று எழுதி வைப்பது. லாரிக்கு எழுதிவிட்டோம். ஆளுக்கும் எழுதி, அந்தச் சான்றிதழ் இல்லாமல் மூடியைத் திறக்கக்கூடாது என்று வந்தால்தான் வேலை முடிந்தது. அப்போது அவர் கூலியும் பேரம் பேசும் கூலியாக இருக்காது, தொழில் தெரிந்தவரின் கூலியாக இருக்கும். அந்த வேலை ஒரு சாதிக்கு உரியது என்பதும் மாறத் தொடங்கும்.

நாம் செய்யக்கூடியது

அறிவுரை சொன்னால் அடிக்க வருவீர்கள். இருந்தாலும் சுருக்கமாக:

1. வீட்டில் செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுத்தது என்று கேளுங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் என்றால் லாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற உதவி எண் இதற்காகவே இருக்கிறது.

2. லாரி வந்தால் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

3. தீக்குச்சி உரசி உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

4. "கொஞ்சம் இறங்கி வழிச்சு விட்டிருங்க" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சொல்பவர் அப்பாவாக இருந்தாலும். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

இந்த முறை எங்கள் வீட்டில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. யாரும் இறங்கவில்லை. பையன் பெயரைக் கேட்டேன், சொன்னான். அம்மா எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அவராகவே. அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனான். "வச்சிட்டுப் போ தம்பி, நான் கழுவிக்கிடுதேன்" என்றார் அம்மா.

எட்டாம் வகுப்பில் பார்த்த அந்தப் பையனின் பெயரை நான் கேட்கவே இல்லை. எங்கே இருக்கிறானோ.

அடுத்த கட்டுரையில் கொஞ்சம் வாசனையான விஷயமாகப் பார்த்து எழுதுகிறேன்.